வாடகை வீட்டுக்குக் கட்டில் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள்

சென்ற ஆண்டு ஜூன் மாதம் மேடவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாம் மாடிக்குக் குடிவந்தோம். பால் காய்ச்சிய மறுநாளே கட்டில் வாங்கப் போய், ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டிவிட்டேன். விலைச்சீட்டில் இருந்தது 11,500 ரூபாய். அந்தக் கட்டில் எங்கள் படுக்கையறைக்கு வந்து சேர்ந்தபோது ஆகியிருந்த செலவு 16,370 ரூபாய். ஜி.எஸ்.டி. 2,070, வண்டி வாடகை 900, பொருத்துக்கூலி 400. மீதி 1,500 ரூபாய், மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாமல் நின்றுவிட்ட தலைமாட்டுப் பலகையைக் கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றியதற்கான கூலி. ஒன்பதாவது மாதம் கால்மாட்டுப் பலகையின் கீழ்விளிம்பு தண்ணீரில் ஊறிய ரஸ்க்கைப் போல உப்பியது. விரலால் தொட்டால் தூள் உதிர்ந்தது. நடுச்சட்டமும் ஓர் இரவு முறிந்துவிட்டது.

அடுத்த கட்டிலை மூன்று வாரம் அலைந்து, விசாரித்து, அளந்து வாங்கினோம். எல்லாச் செலவும் சேர்த்து 16,100 ரூபாய். முதல் கட்டிலைவிட 270 ரூபாய் குறைவு. ஆனால் இது வேப்பமரம், ஆட்டினாலும் அசையவில்லை. அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டவற்றை, புதுக்குடித்தனம் தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சென்னை விலைகளை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

1. கடைக்குப் போகும் முன் அறையை அளந்துவிடுங்கள்

கட்டிலின் அளவைக் கடைக்காரர்கள் சிங்கிள், டபுள், குயின், கிங் என்று சொல்வார்கள். அந்தப் பெயர்களை நம்பாதீர்கள். குயின் என்ற ஒரே பெயரில் 72க்கு 60, 75க்கு 60, 78க்கு 60 என மூன்று அளவுகள் விற்கின்றன. ஆசாரிகளின் கணக்கில் இவை ஆறுக்கு ஐந்து, ஆறேகாலுக்கு ஐந்து, ஆறரைக்கு ஐந்து. கிங் அளவில் அகலம் 72 அங்குலம்; நீளம் அதே மூன்று விதம். டபுள் கட்டில் 48 அங்குல அகலம், சிங்கிள் 36. எனவே எந்தக் கடையிலும் அங்குலத்தில் கேளுங்கள், அங்குலத்தில் எழுதி வாங்குங்கள்.

தள்ளுபடி என்று மெத்தையை முதலில் வாங்கிவிடுவது பலரும் செய்யும் தவறு. நாங்களும் செய்தோம். மெத்தை 75 அங்குலம், கட்டில் 78 அங்குலம். கால்மாட்டில் மூன்று அங்குலப் பள்ளம். அதில் போர்வையைச் சுருட்டிவைத்து ஒன்பது மாதம் ஓட்டினோம். மெத்தை ஏற்கெனவே இருந்தால் அதன் அளவுக்குக் கட்டில். இல்லையென்றால் கட்டிலை வாங்கிய பிறகு, அதன் உள்ளளவை நீங்களே அளந்துகொண்டு மெத்தை.

மெத்தையின் அளவுதான் கட்டிலின் அளவு என்றும் நினைத்துவிடாதீர்கள். 60 அங்குல மெத்தைக்கான கட்டிலின் வெளி அகலம் 63 அங்குலமாவது இருக்கும். சென்னையின் அடுக்குமாடிகளில் படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 அங்குலத்தில் கட்டிலுக்கு 63 போனால் மீதி 57. எதிர்ச் சுவரில் பீரோ 19 அங்குலம் பிடிக்கும். நடக்க 38 அங்குலம். பீரோக் கதவைத் திறந்து ஒருவர் நிற்க அது போதும். அதே அறையில் கிங் கட்டில் போட்டால் 26 அங்குலம்தான் மிஞ்சும். கட்டிலில் உட்கார்ந்தபடிதான் பீரோவைத் திறக்க வேண்டியிருக்கும்.

தரையில் பழைய செய்தித்தாள்களைக் கட்டிலின் வெளியளவுக்கு விரித்து, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். அதைச் சுற்றி நடந்து பாருங்கள். அறைக்கதவு முழுதாகத் திறக்கிறதா, பால்கனிக் கதவு இடிக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். தலைமாடு எந்தச் சுவர் என்பதையும் அன்றே முடிவுசெய்யுங்கள். நம் வீடுகளில் வடக்கே தலைவைத்துப் படுப்பதில்லை. பெரியவர்கள் வந்து தங்கும் வீடு என்றால் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லுவார்கள். கிழக்குச் சுவரிலோ தெற்குச் சுவரிலோ தலைமாடு வந்தால் ஸ்விட்ச் போர்டு எங்கே வருகிறது, உயரமான தலைமாட்டுப் பலகை ஜன்னலை மறைக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. படிக்கட்டை அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

எனக்கு 1,500 ரூபாய் செலவுவைத்த இடம் இது. வாசற்கதவின் அகலம், படிக்கட்டின் அகலம், படி திரும்பும் இடத்தில் சுவருக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள தூரம், அந்த இடத்தில் தலைக்கு மேல் உள்ள உயரம், அறைக்கதவின் அகலம். இந்த ஐந்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருந்தால் அதன் கதவு அகலம், உள்ளே உள்ள உயரம், ஆழம்.

கட்டில் முழுவதும் பிரித்து எடுத்து வந்து பூட்டுவதா என்று கடையில் கேளுங்கள். "பிரிக்கலாம்" என்பார்கள். அதோடு விடாமல், பிரித்தபின் மிகப் பெரிய துண்டு எது, அதன் நீளமும் உயரமும் எவ்வளவு என்று கேளுங்கள். அநேகமாக அது தலைமாட்டுப் பலகையாகத்தான் இருக்கும். மெத்தை தைத்த தலைமாடு என்றால் நான்கு அடி உயரம்கூட வரும். அதைச் சாய்க்கவும் முடியாது, மடக்கவும் முடியாது. அப்பலகை உங்கள் படித் திருப்பத்தில் திரும்பாது என்று தோன்றினால் அந்தக் கட்டிலை விட்டுவிடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர் இன்னும் இரண்டு மூன்று முறையாவது வீடு மாறுவார். ஒவ்வொரு முறையும் அந்தக் கயிற்றுக்கூலி வரும்.

அடுக்குமாடியில் குடியிருப்போர் சங்கம் இருந்தால், பெரிய சாமான்களை லிஃப்டில் ஏற்ற அனுமதி உண்டா, எந்த நேரத்தில் ஏற்றலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற விடாத குடியிருப்புகள் உண்டு. வண்டி வாசலில் காத்து நின்றால் அதற்கும் பணம்.

3. விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

கட்டிலுக்கு இவ்வளவு என்று மனத்தில் ஒரு தொகை வைத்திருந்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மீதியில் கட்டில் தேடுங்கள். ஏனென்றால்:

மரக் கட்டிலுக்கும் இரும்புக் கட்டிலுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். 12,000 ரூபாய் என்று சொல்லி, பில் போடும்போது 14,160 ஆகிவிடும்.

வண்டி வாடகை தூரத்தைப் பொறுத்தது. கடைக்காரரின் வண்டியை ஒரு தடவை விசாரித்துவிட்டு, வெளியே ஒரு குட்டி யானை எவ்வளவு கேட்கிறது என்றும் விசாரியுங்கள். எங்களுக்கு வெளி வண்டி 1,000 ரூபாய்க்கு வந்தது. ஏற்றுக்கூலி தனி. லிஃப்ட் இல்லாத வீட்டில் மாடிக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். நாங்கள் மாடிக்கு 300 வீதம் 600 கொடுத்தோம். இதை வண்டி வந்து நின்ற பிறகு பேசாதீர்கள், முந்தைய நாளே பேசி முடியுங்கள்.

மெத்தைக்குக் கீழே வரும் பிளைவுட் பலகை விலையில் சேர்ந்ததா என்று கேட்க மறந்துவிடாதீர்கள். காட்சிக்கு வைத்த கட்டிலில் பலகை இருக்கும். அனுப்பும்போது வெறும் சட்டங்கள் வரும். கேட்டால் "அது தனி சார்" என்பார்கள்.

வட்டியில்லாத் தவணை என்றால், தவணைக்கான செயல்முறைக் கட்டணத்தையும், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்பதையும் கேட்டு இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் நீங்கள் உண்மையில் கட்டும் வட்டி.

4. எந்தப் பொருளில் வாங்குவது?

குறைந்த விலையில் நீடித்து உழைக்க வேண்டும் என்றால் என் முதல் பரிந்துரை இரும்புக் கட்டில்தான். நான் ஏறி இறங்கிய கடைகளில் சிங்கிள் 4,000 ரூபாயிலிருந்தும், 60 அங்குலக் கட்டில் 7,000 ரூபாயிலிருந்தும் கிடைத்தது. ஊரிலிருந்து வரும் அம்மாவுக்காகக் கூடத்தில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறோம். குறை ஒன்றும் இல்லை. குழாயின் தடிமனை கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தடிமன் கூடும்: 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 18க்கு மேல் எண் போனால் வேண்டாம். பற்றவைத்த இடங்களைத் தடவிப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டுப் பற்றவைத்திருந்தால் அந்த மூட்டுதான் முதலில் விடும். வெறும் பெயின்ட் அடித்ததைவிட, வண்ணப்பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பவுடர் கோட்டிங் செய்தது நல்லது. திருவான்மியூர், எண்ணூர் போலக் கடற்காற்று படும் இடத்தில் குடியிருப்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது; உப்புக்காற்று இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். கால்களின் அடியில் ரப்பர் குமிழ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தரை ஓடு கீறும், துடைக்கும் தண்ணீர் குழாய்க்குள் ஏறித் துருப்பிடிக்கும்.

அடுத்தது பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும். மரத்தூளையும் மரநாரையும் பசையிட்டு அழுத்திச் செய்த பலகைகள் இவை. பார்க்க அழகு, விலை மலிவு, வெளிப்பூச்சு பளபளக்கும். நாம் தினமும் வீட்டைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறவர்கள். தரையைத் தொட்டு நிற்கும் பெட்டி வடிவக் கட்டில் என்றால் அதன் கீழ்விளிம்பு தினமும் நனையும். விளிம்பில் ஒட்டிய பட்டி ஓரிடத்தில் பிரிந்தால் போதும், அங்கிருந்து தண்ணீர் ஏறும். உப்பிய பலகையைச் சரிசெய்ய வழியே இல்லை. திருகாணி ஒரு முறை கழன்றால் அதே துளையில் மறுபடி பிடிக்காது. வீடு மாறும்போது இது பெரிய தொல்லை. இதில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், தரையிலிருந்து நான்கு அங்குலமாவது தூக்கிநிற்கும் கால்கள் உள்ளதாகப் பாருங்கள்.

பிளைவுட் இவற்றைவிட எவ்வளவோ மேல். அதற்கு ஐ.எஸ். என்ற இந்தியத் தர எண்கள் உண்டு: சாதாரண உபயோகத்துக்கு ஐ.எஸ். 303 தரம், தண்ணீர் தாங்க வேண்டுமென்றால் ஐ.எஸ். 710. 'கமர்ஷியல் பிளை' என்று கடையில் சொல்வது ஈரம் ஓரளவு தாங்கும் ரகம் மட்டுமே. பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் உண்மையான உரிமமா என்று அங்கேயே தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, செய்யுங்கள்.

ரப்பர் மரம் கன்னியாகுமரி, கேரளப் பக்கம் பால் வற்றிய மரங்களை அறுத்து எடுப்பது. மருந்தேற்றி உலர்த்தியதாக இருந்தால் நன்றாக உழைக்கும். மருந்தேற்றாததை வண்டு துளைத்துவிடும். 60 அங்குலக் கட்டில் 14,000 முதல் 20,000 ரூபாய் வரை பார்த்தேன். இணையத்தில் விற்கும் ஷீஷம் கட்டில்கள் பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து வருபவை. கனமான, உறுதியான மரம், ஆனால் விலை 20,000க்கு மேல்.

தேக்கு என்று சொல்லி 15,000 ரூபாய்க்கு ஒரு கட்டில் காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள். மரத்தின் நடுவில் இருக்கும் வைரம் பாய்ந்த பகுதிதான் தேக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வெளியே உள்ள வெளிறு வெளுப்பாக இருக்கும், பூச்சிக்கு எளிதில் இரையாகும். வெளிறு மிகுந்த சட்டத்துக்குச் சாயம் பூசி, மேலே பாலிஷ் போட்டுவிட்டால் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். சாயம் எட்டாத இடத்தைப் பாருங்கள்: பக்கச்சட்டத்தின் உட்புறம், கொக்கி மாட்டும் பள்ளத்தின் உள்ளே, காலின் அடி. இன்னொன்று: 'தேக்கு ஃபினிஷ்' என்றால் தேக்கின் நிறம் என்று மட்டுமே அர்த்தம்.

எங்களுக்கு ஒத்துவந்தது வேம்பு. வேம்பும் பூவரசும் நம் ஊரில் தலைமுறைகளாகக் கட்டிலுக்குப் பயன்பட்டவை, தேக்கின் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கின்றன. தேய்பிறையில் வெட்டிய மரம், உளுக்காது என்று சொல்லி விற்பார்கள். எந்தப் பிறையில் வெட்டினாலும், எத்தனை மாதம் காய்ந்தது என்பதைக் கேளுங்கள். பச்சை மரத்தில் செய்தால் கோடையில் சட்டம் முறுக்கிக்கொள்ளும், மூட்டு இளகும். நல்ல பட்டறைகளில் ஈரமானி வைத்திருப்பார்கள். 12 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் தாராளமாக வாங்கலாம்.

பழைய கட்டில் வாங்குவதும் நல்ல யோசனைதான். வேலை மாறி ஊரைவிட்டுப் போகிறவர்கள் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் டார்ச் விளக்கோடு போங்கள். போல்ட் துளைகள், சட்டத்தின் இடுக்குகள், திறந்திருக்கும் குழாய் முனைகள் ஆகியவற்றில் மை தெளித்தது போன்ற கருப்புப் புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சி. எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். மரத்தில் ஊசிமுனைத் துளைகளும், அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

5. கடையில் குனிந்து பாருங்கள்

எல்லாக் கடையிலும் தலைமாட்டைத்தான் அலங்கரித்து வைத்திருப்பார்கள். நாமும் அதைத்தான் பார்ப்போம். நம் எடையைத் தாங்குவது அடிப்பாகம். இரண்டாம் முறை நான் ஒவ்வொரு கடையிலும் மெத்தையைத் தூக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். ஒரு கடையில் 60 அங்குலக் கட்டிலுக்குக் குறுக்கே நான்கே சட்டங்கள், நடுவில் கால் இல்லை. மேலே அட்டை போல மெலிந்த பலகை. தலைமாட்டில் மட்டும் பூவேலை. விலை 13,000.

நீங்கள் பார்க்க வேண்டியவை இவை. அகலம் 48 அங்குலத்துக்கு மேல் போனால் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு நடுச்சட்டம் ஓட வேண்டும், அதைத் தாங்கத் தரையைத் தொடும் ஒரு காலாவது இருக்க வேண்டும். குறுக்குச்சட்டங்கள் பக்கச்சட்டத்தின் உள்ளே அறைந்த மரப்பட்டியின் மேல் அமர்ந்திருக்கின்றன அல்லவா, அந்தப் பட்டி ஆணியால் அடித்ததா, திருகாணியும் பசையும் சேர்த்துப் பொருத்தியதா என்று பாருங்கள். ஆணி என்றால் வேண்டாம். ஃபோம் மெத்தை போடுகிறவர்களுக்குச் சட்டங்களுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, மெத்தை உள்ளே தொய்ந்துவிடும். பலகை போடுவதென்றால் 12 மி.மீ. தடிமன் கேளுங்கள். தென்னைநார் மெத்தை என்றால் அந்தப் பலகையில் ஆங்காங்கே ஓர் அங்குலத் துளைகள் போட்டுத் தரச் சொல்லுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்காருங்கள். புரண்டு படுங்கள். எழுந்து தலைமாட்டின் ஒரு மூலையைப் பிடித்து ஆட்டுங்கள். கடையிலேயே கிறீச்சிட்டால் வீட்டில் கேட்கவே வேண்டாம். பக்கச்சட்டம் தலைமாட்டோடு சேரும் இடத்தில் போல்ட்டும் நட்டும் உள்ளதே நல்லது. வெறும் கொக்கியில் மாட்டுவது நாளடைவில் தளர்ந்து ஆடும்.

உயரத்தையும் மெத்தையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 18 முதல் 20 அங்குலம். 14 அங்குலக் கட்டிலில் 6 அங்குல மெத்தை சரியாக வரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தாழ்ந்த கட்டில் மிகவும் சிரமம். அவர்களையும் கடைக்கு அழைத்துப்போய் உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் போய்வர எட்டு அங்குலமாவது இடம் வேண்டும்.

சாமான் வைக்கும் அறை உள்ள கட்டில், அதிலும் ஹைட்ராலிக் முறையில் தூக்கும் கட்டில் வாடகை வீட்டுக்கு வேண்டாம் என்பது என் திடமான கருத்து. விலை ஐந்தாயிரமாவது கூடும், எடை இரட்டிப்பாகும், பிரித்துப் பூட்ட ஆள் வேண்டும். வீட்டில் அலமாரியே இல்லை என்ற நிலை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

6. ஆசாரியிடம் செய்யக் கொடுத்தால்

கடையில் வாங்குவதைவிடப் பட்டறையில் செய்யக் கொடுப்பது பல நேரம் மலிவு. ஆனால் மரக்கணக்கு தெரியாமல் போகாதீர்கள். மரத்துக்கு விலை கன அடிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். கணக்கு மிக எளிது: நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 1,728ஆல் வகுத்தால் கன அடி. உதாரணமாக, 78 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள பக்கச்சட்டம் இரண்டு சேர்த்து 1,404 கன அங்குலம், அதாவது 0.81 கன அடி. இப்படி ஒவ்வொரு சட்டத்தையும் கூட்டி, அறுப்பிலும் இழைப்பிலும் போகும் சேதாரத்தைச் சேர்த்துக்கொண்டால், ஆசாரி சொல்லும் கன அடி நியாயமா என்று உங்களுக்கே தெரியும். நான் ஒரு துண்டுத்தாளில் இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போனேன். அதைப் பார்த்ததும் பட்டறைப் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு சட்டமாகக் கணக்குப் போட்டார். பேசி முடித்த விலை வரியோடு 14,500 ரூபாய்.

முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். சட்டங்களைப் பூட்டி, பாலிஷ் போடும் முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். மரத்தில் வெளிறு எவ்வளவு, கணு எங்கே, வெடிப்பை மக்குப் பசை வைத்து மூடியிருக்கிறார்களா என்பதெல்லாம் அன்று மட்டுமே தெரியும். பாலிஷ் ஏறிவிட்டால் பிறகு ஒன்றும் தெரியாது.

7. எந்த மாதத்தில் வாங்கலாம்

தை, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் சீர்வரிசைக் கட்டில்களுக்குப் பட்டறைகளில் வரிசை நிற்கும். பத்து நாள் என்று சொன்னது ஒரு மாதம் ஆகும், விலையிலும் இறங்கி வரமாட்டார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, கடைகள் காற்று வாங்கும். பேரம் பேச ஏற்ற மாதம். ஆடித் தள்ளுபடிப் பலகையைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள், ஆனி மாதமே அதே கட்டிலின் விலையைக் குறித்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரக் கட்டில் செய்யக் கொடுக்காதீர்கள். பாலிஷ் சரியாகக் காயாது, மரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கட்டில் வரும்வரை தரையில் மெத்தை போட்டுப் படுப்பதில் ஒரு குறையும் இல்லை. அவசரத்தில் வாங்கியதால்தான் நான் ஒரு கட்டிலை இழந்தேன்.

8. பில்லில் என்னென்ன எழுத வேண்டும்

"பில் வேண்டாம் என்றால் வரி இல்லாமல் தருகிறேன்" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். பில் இல்லாவிட்டால் பிற்பாடு எந்த முறையீடும் நிற்காது. எங்கள் முதல் கட்டிலின் பில்லில் 'கட்டில் 1' என்று மட்டுமே எழுதியிருந்தது. பலகை உப்பியபோது, அது பிளைவுட் என்று சொல்லி விற்றார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை.

பில்லிலோ ஆர்டர் சீட்டிலோ இவை இருக்கட்டும்: மரத்தின் பெயர் அல்லது பிளைவுட்டின் தரம், உள்ளளவும் வெளியளவும் அங்குலத்தில், பலகையின் தடிமன், வரி உட்பட மொத்த விலை, கொடுத்த முன்பணம், மீதி, வீட்டுக்கு வந்து சேரும் தேதி, ஏற்றுக்கூலி, பொருத்துக்கூலி யாருடையது, உத்தரவாதம் எத்தனை மாதம், பூச்சி அரிப்பும் ஈரமும் அதில் அடங்குமா என்பது. கடைசி வரி முக்கியம். ஐந்தாண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டு, இவ்விரண்டையும் சிறிய எழுத்தில் விலக்கிவிடுவார்கள்.

பணத்தை யு.பி.ஐ.யிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள். பில்லைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பல கடைகளின் பில் ஆறு மாதத்தில் எழுத்து மங்கிவிடுகிறது.

பிரச்சினை வந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப்பும் போதும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இணையவழியிலும் பதியலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும்.

9. கட்டில் வீட்டுக்கு வரும் நாள்

வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அட்டையைப் பிரிப்பதிலிருந்து பூட்டி முடிப்பதுவரை வீடியோ எடுங்கள். இணையத்தில் வாங்கியது என்றால் இது மிக அவசியம், கீறலோ உடைப்போ இருந்தால் திருப்பி எடுக்க அதைத்தான் கேட்பார்கள். திருப்பும் கெடு எத்தனை நாள் என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பொருத்த வருகிறவர்கள் அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். இரண்டு போல்ட் போடாமல் விட்டுவிட்டு "இது போதும்" என்பார்கள். எத்தனை துளையோ அத்தனை போல்ட் என்று நின்று பாருங்கள். நான்கு காலும் தரையில் பதிகின்றனவா என்று ஒவ்வொரு காலின் கீழும் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள்; தாள் நுழைந்தால் அந்தக் கால் அந்தரத்தில் இருக்கிறது. இதெல்லாம் முடிந்த பிறகே மீதிப் பணம்.

சுவரை ஒட்டிப் போடாதீர்கள், இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஓதம் மரத்தில் ஏறாது, கரையான் ஏறினாலும் கண்ணில் படும். புதுப் பாலிஷ் வாடை அடங்க மூன்று நான்கு நாள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு படுங்கள்; கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு வாரம்.

ஒரு மாதம் கழித்து எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்க வேண்டும். புது மரம் கொஞ்சம் சுருங்கி அமர்ந்திருக்கும், முதல் ஆட்டம் அப்போதுதான் தொடங்கும். அதற்கான சிறு சாவி கட்டிலோடு வரும். வந்த அன்றே தொலைந்தும் போகும். நான் அதையும் மிச்சமான இரண்டு போல்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம் டேப் வைத்து ஒட்டிவிட்டேன். பில்லின் நகலும் அதே உறையில் இருக்கிறது.